கிராங்க் புல்லி மாற்றுவதும் டைமிங் வைப்பதும்: பழைய பெட்ரோல் வண்டிக்குப் புதியவர்களுக்கு

பழைய பெட்ரோல் வண்டிக்கு டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வைக்கப் பழகுகிறவர்கள் நேராக டிஸ்ட்ரிபியூட்டரில், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகத்தில், கை வைக்கிறார்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் நன்றாக இருக்கிற இடத்தில் இறுக்கிவிடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது எஞ்சினின் முன்பக்கத்தை. ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் ஒரு சின்னக் காடியோ கோடோ வெட்டியிருக்கும். ஒன்றாவது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பெரும்பாலான வண்டிகளில் வெளியிலிருந்து நமக்குச் சொல்வது அந்தக் குறிதான். அது இடம் மாறியிருந்தால் பொறி விழும்போதெல்லாம் மின்னிக் குறியைக் காட்டும் டைமிங் லைட், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், தப்பாகத்தான் காட்டும்.

அதனால் புல்லியை முதலில் பாருங்கள், பிறகு குறியைச் சோதியுங்கள், அதன்பின் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சின்ன ஸ்விட்ச்) இடைவெளி. டைமிங் கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓடுகிற அம்பாசடர்களில் பல டீசல். டீசல் எஞ்சினுக்கு டைமிங் பம்பில் வைப்பது. அது வேறு வேலை. புல்லி பற்றிய பகுதி டீசல் வண்டிக்காரர்களுக்கும் பயன்படும், பாயிண்ட் பற்றியது பயன்படாது.

புல்லிக்குள் ரப்பர் எதற்கு

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு, ஓர் அடி வாங்குகிறது. எஃகுதான் என்றாலும் அந்த அடியில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், உடனே திரும்பும். ஈரத்துணியை முறுக்கிவிட்டால் பிரிந்து வருமே, அதைப்போல. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் இந்த முறுக்கும் வெடிப்பும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடும். அப்போது அதிர்வு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அதை அப்படியே விட்டால் கடைசியில் ஷாஃப்ட்டே முறியும்.

அதைத் தடுக்கத்தான் கிராங்க் நுனியில் ஒரு கனமான வளையத்தை, நடுவில் ரப்பர் வைத்துப் பொருத்துகிறார்கள். ஷாஃப்ட் முறுக்கும்போது வெளி வளையம் சற்றுப் பின்தங்கும். அந்த இழுபறியில் அதிர்வு ரப்பருக்குள் சூடாக மாறிக் கரைந்துவிடும். இதுதான் ஹார்மோனிக் பேலன்சர். டேம்பர் என்றும் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் போன்றவர்கள் நீளமான ஆறு சிலிண்டர் கிராங்க்குகள் முறிவதைப் பார்த்துத்தான் இந்த வழியைத் தேடினார்கள். ஷாஃப்ட் நீளம் கூடக்கூட இதன் தேவையும் கூடும். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்க் குட்டை என்பதால் பலவற்றில் ஒரே வார்ப்பாகவோ தகடாகவோ சாதாரணப் புல்லிதான் இருக்கும்.

உங்கள் வண்டியில் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். புல்லியை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு முகப்பைப் பாருங்கள். நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே வட்டமாக ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அது ரப்பர் புல்லி.

கெட்டுப்போனதற்கான அறிகுறிகள்

ரப்பருக்கு வயது உண்டு. முப்பது நாற்பது வருடத்துச் சூட்டில் இறுகி வெடிக்கும். கிராங்க் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் பட்டால் ஊதிப் பிதுங்கும். நம் பக்கம் கூடுதலாக ஒன்று: உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், முதுநகர் துறைமுகம் பக்கம் நிற்கிற வண்டிகளில் ரப்பர் ஒட்டியிருக்கும் இரும்பின் முகத்திலேயே துரு கிளம்பி, ரப்பரை உள்ளிருந்து தள்ளிவிடும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், பிடிப்பு மட்டும் போயிருக்கும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பக்கவாட்டில் நின்று புல்லியைப் பாருங்கள். நடுப்பகுதி நேராகச் சுற்ற, வெளி வளையம் முன்னும் பின்னும் ஆடினால் அதன் காலம் முடிந்தது. பெல்ட் அடிக்கடி ஓரமாகத் தேய்வது, பெல்ட் கழன்று விழுவது, புல்லிக்குப் பின்னால் இருக்கும் டைமிங் கவரில் வட்டமாகத் தேய்ந்த தடம், புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள், இவற்றில் எதைக் கண்டாலும் வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். வளையம் கழன்றால் ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

ஆனால் ஆபத்து குறைவாகத் தெரிந்து, ஆளை அதிகம் அலைக்கழிப்பது இன்னொரு வகை. வளையம் ஆடாது, கழலாது. மெல்ல மெல்லச் சுற்று திசைக்கு எதிராக நகர்ந்திருக்கும். கல்யாண ஊர்வலங்களுக்கு விடுகிற ஒரு 1950களின் பிளைமவுத், ஆறு சிலிண்டர், புதுச்சேரியிலிருந்து எங்களிடம் வந்தது. “அண்ணே, டைமிங் நாலு பேர் வச்சுப் பாத்தாச்சு. லைட்டு அடிச்சா குறி கரெக்டா நிக்குது. வண்டி மட்டும் இழுக்க மாட்டேங்குது, சூடாகுது” என்றார் அந்தத் தம்பி. புல்லியைத் துடைத்துப் பார்த்தபோது ரப்பரின் விளிம்பில் சாய்வாகக் கீறல்கள், எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டவை. உண்மையான டாப்பை, அதாவது ஒன்றாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை, கண்டுபிடித்துப் பார்த்தால் குறி கட்டைவிரல் அகலத்துக்குத் தள்ளி நின்றது. நாலு பேரும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், தப்பான குறிக்கு.

கட்டைவிரல் அகலம் எவ்வளவு பெரிய பிழை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தையல் டேப்பால் புல்லியின் சுற்றளவை எடுங்கள். 450 மில்லிமீட்டர் என்றால், அதை 360 டிகிரியால் வகுக்க ஒரு டிகிரிக்கு 1.25 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் நகர்ந்தால் 16 டிகிரி. அந்த அளவு தாமதமாக நெருப்பு விழுந்தால் வண்டி எப்படி இழுக்கும்?

உண்மையான டாப்பைக் கண்டுபிடிப்பது

இதை எந்தப் பழைய வண்டிக்கும் ஒருமுறை செய்துவிடுங்கள், புல்லி நன்றாக இருந்தாலும். ஒன்றாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைத்தான் டாப் என்கிறோம். பிளக் துளையில் கம்பியையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. அது போதாது. உச்சிக்கு அருகில் பல டிகிரி வரை பிஸ்டன் நகர்வதே தெரியாது.

சரியான வழி, உச்சிக்கு இரு பக்கமும் பிஸ்டனை ஒரே உயரத்தில் நிறுத்தி, நடுவைக் கணக்கிடுவது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் கொடுத்து, உள்ளே மரை போட்டு, முனை உருண்டையாக இழைத்த போல்ட் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். இதுதான் பிஸ்டன் ஸ்டாப். முனை கூராக இருக்கக் கூடாது, பிஸ்டனைக் கீறும்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எல்லா பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள், எஞ்சின் கையால் லேசாகச் சுற்றும். பிஸ்டன் கீழே இருக்கும்போது ஒன்றாவது துளையில் ஸ்டாப்பை மாட்டுங்கள். எஞ்சினை மெதுவாக, கையால் மட்டும், சுற்று திசையில் திருப்புங்கள். பிஸ்டன் ஸ்டாப்பைத் தொட்டு நிற்கும். டைமிங் கவரில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கு நேராகப் புல்லியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. இப்போது எதிர்த்திசையில் திருப்புங்கள், மறுபக்கம் வந்து தொட்டு நிற்கும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடு எதுவோ, அதுதான் உண்மையான டாப். தையல் டேப்பை வளைத்து அளந்து சரிபாதியில் குறியுங்கள். ஸ்டாப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

வண்டியின் முன்னால் மாட்டி எஞ்சினைச் சுற்றும் ஹேண்டிலால் எதிர்த்திசையில் சுற்ற முடியாது. அதன் பல் ஒரு பக்கம்தான் பிடிக்கும். டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லப் பின்னால் தள்ளுவது நல்ல வழி. புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு எதிர்ப்பக்கம் திருப்பினால் நட் தளர்ந்துவிடும்.

பிளைமவுத் போன்ற சைடு வால்வ் எஞ்சின்களில் பிளக் துளை பிஸ்டனுக்கு மேலே இருக்காது, வால்வுகளுக்கு மேலே இருக்கும். அங்கே ஸ்டாப் பயன்படாது. அந்த கிரைஸ்லர் குடும்ப ஆறு சிலிண்டர் ஹெட்டில், ஆறாவது பிஸ்டனுக்கு மேலே ஒரு சின்னப் பைப் பிளக் இருக்கும். ஆறாவதும் ஒன்றாவதும் ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வரும். அந்தத் துளையில் நீளக் கம்பியை நுழைத்து, கம்பியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிஸ்டன் ஏறும்போது அந்தக் கோடு துளை விளிம்புக்கு வரும் இடத்தையும், இறங்கும்போது வரும் இடத்தையும் புல்லியில் குறித்து நடுவை எடுங்கள். கம்பி கையிலிருந்து நழுவி உள்ளே போகாதபடி மேல்முனையை வளைத்துவிடுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்த நடுவும் புல்லியின் பழைய குறியும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. விலகியிருந்தால் ரப்பர் நழுவியிருக்கலாம், புல்லியை ஷாஃப்ட்டில் நழுவாமல் பூட்டும் கிராங்க் கீ தேய்ந்திருக்கலாம், வேறு மாடல் புல்லியை யாரோ மாட்டியிருக்கலாம். ரப்பர் புல்லியில் புதுக் குறி போட்டுக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. நழுவிய ரப்பர் இன்னும் நழுவும். அரால்டைட் ஊற்றி ஒட்டுவதும், இரண்டு பகுதியையும் சேர்த்து ஸ்க்ரூ போடுவதும் அதைவிட மோசம். வளையம் நகர முடியாமல் போனால் அதிர்வை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

புல்லியைக் கழற்றுவது

மாற்றுப் புல்லி கையில் வந்தபிறகு கழற்றுங்கள். கடலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான் நமக்கு வழி. பழைய ஸ்டாக் என்று பெட்டியோடு தருவதை நம்பி வாங்கிவிடாதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்வாங்க வேண்டும். கல்லைப்போல் இருந்தாலோ, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ வேண்டாம். பழைய புல்லியையும் கையோடு கொண்டுபோய், உள்விட்டம், பெல்ட் காடியின் ஆழம், குறியின் இடம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

முதல் நாள் இரவே நட்டிலும் ஷாஃப்ட் நுனியிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். கடற்கரை வண்டிக்கு இது கட்டாயம். மறுநாள் பெல்ட்டைக் கழற்றி, பல வண்டிகளில் ரேடியேட்டரையும் இறக்க வேண்டியிருக்கும். எப்படியாவது இடுக்கில் வேலையை முடித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். ரேடியேட்டரை இறக்க ஆகும் நேரம், அதன் குழாய்களில் ஸ்பேனர் குத்தினால் ஆகும் செலவைவிடச் சிறியது.

அம்பாசடர் 1489 சிசி எஞ்சினில் புல்லியைப் பிடித்திருப்பது ஹேண்டில் மாட்டும் டாக் நட். அதன் பின்னால் வளைத்துவிட்ட லாக் வாஷர் இருக்கும். உளியால் அதை நேராக்காமல் ஸ்பேனர் போட்டால் நட்டின் முகம்தான் சிதையும். கிராங்க் சுற்றாமல் இருக்க, டாப் கியர் போட்டு ஒருவரை பிரேக்கை அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்பேனரை சேசிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டி நட்டைத் தளர்த்துகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்பேனர் தெறித்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புல்லியை இழுக்கும் விதம் முக்கியம். மூன்று கால் புல்லரை வெளி விளிம்பில் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழிந்து வளையம் மட்டும் கையோடு வரும். ரப்பர் புல்லியின் நடுப்பகுதியில் மரை போட்ட துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் போட்டு இழுக்கும் தகடுப் புல்லர்தான் வேண்டும். இல்லையென்றால் கனமான தகட்டில் துளை போட்டு லேத் பட்டறையில் செய்து தருவார்கள். ரப்பர் இல்லாத சாதாரணப் புல்லி பெரும்பாலும் கீயின்மேல் வழுக்கிப் பொருந்தியிருக்கும். இரு பக்கமும் சமமாக லேசாக நெம்பினால் வரும். டைமிங் கவர் மெல்லிய தகடு. அதன்மேல் நெம்புகோலை ஊன்றாதீர்கள், குழிந்துவிடும்.

புல்லி வெளியே வந்ததும் கீயை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஓரம் நசுங்கியிருந்தால் புதுசு போடுங்கள். ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்; சின்ன விலை, இதற்காக மறுபடி இத்தனையும் கழற்ற வேண்டாம். புல்லியின் கழுத்தில் சீல் ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் நகம் சிக்கினால் புது சீல் போட்டும் எண்ணெய் கசியும். லேத்தில் மெல்லிய உறை போட்டுக்கொள்ளலாம். டைமிங் கவரையே கழற்றியிருந்தால், திரும்ப மாட்டும்போது கவர் போல்ட்டுகளை முழுதாக இறுக்காமல் விட்டு, புல்லியைச் செருகி, சீல் அதன் நடுவில் உட்கார்ந்தபிறகு இறுக்குங்கள். அம்பாசடரில் எண்ணெய்க் கசிவு தீராததற்கு இந்த ஒரு விஷயம்தான் பல நேரம் காரணம்.

புதுப் புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. அந்த அடி நேராகக் கிராங்க்கின் த்ரஸ்ட் வாஷருக்குப் போகிறது, ரப்பரும் தளரும். சீல் உதட்டில் எண்ணெய் தடவி, நீளமான போல்ட், கனத்த வாஷர் வைத்து இழுத்து உட்காரவையுங்கள். கடைசி நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அம்பாசடர் எஞ்சினின் அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.பி. காருக்கு 70 பவுண்டு-அடி, ஏறக்குறைய 95 நியூட்டன் மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். லாக் வாஷரை மடிக்க மறக்காதீர்கள். பிறகு நடுப்பகுதி, ரப்பர், வெளி வளையம் மூன்றின் மீதும் குறுக்காக வெள்ளை பெயின்ட்டில் ஒரே நேர்க்கோடு போட்டுவிடுங்கள். என்றைக்காவது அந்தக் கோடு உடைந்து தெரிந்தால் புல்லி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். உண்மை டாப்பை மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், புதுப் புல்லியாக இருந்தாலும்.

பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததும் நடுவில் சுற்றும் ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடினால், இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். எவ்வளவு கவனமாக வைத்தாலும் டைமிங் நிற்காது. புஷ் போட்டுவிட்டு மேலே வேலையைப் பாருங்கள்.

பாயிண்ட் முகங்களில் ஒன்றில் மேடு, மற்றதில் குழி இருக்கும். ஃபீலர் கேஜ் அந்த மேட்டில் உட்கார்ந்து தப்பான அளவு காட்டும். மெல்லிய அரத்தால் சமப்படுத்துங்கள், இல்லை புதிதாகவே போடுங்கள். கேமின் உச்சியில் பாயிண்ட்டின் கால் ஏறி நிற்கும்போது இடைவெளியை அளக்க வேண்டும். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.014 முதல் 0.016 இன்ச், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேஜ் இலை லேசான உரசலுடன் போய் வரவேண்டும்.

இடைவெளியை ஏன் முதலில் வைக்க வேண்டும்? இடைவெளி கூடினால் பாயிண்ட் சற்று முன்னதாகத் திறக்கும், டைமிங் முன்னே போகும். குறைந்தால் பின்னே போகும். டைமிங் வைத்துவிட்டுப் பிறகு பாயிண்ட்டைத் தொட்டால் வைத்தது வீண். பாயிண்ட் திறக்கும்போது பெரிய நீலப் பொறி பறந்தால் அதைத் தடுக்கவேண்டிய கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

இனி டைமிங். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 3000 ஆர்.பி.எம். ஓடும்போது நொடிக்கு நூறு பொறி. ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடுகிறது. பெட்ரோல் எரிந்து அழுத்தம் ஏற நேரம் வேண்டும் என்பதால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட அதை இன்னும் முன்னே தள்ளுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும்.

ஒன்றாவது சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து ஹேண்டிலைச் சுற்றச் சொன்னால் காற்று விரலைத் தள்ளும். வரவேண்டிய சுற்று அதுதான். பிறகு புல்லிக் குறியை மேனுவல் சொல்லும் டிகிரிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அம்பாசடர் குடும்ப எஞ்சின்களின் டைமிங் கவரில் மூன்று முள் இருந்தால், நீளமானது டாப், மற்ற இரண்டும் டாப்புக்கு முன் 5, 10 டிகிரி. எப்போதும் சுற்று திசையிலேயே குறிக்கு வந்து சேருங்கள். தாண்டிப்போனால் கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்துவது போதாது. கால் சுற்றாவது பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள். டைமிங் செயின் தொய்வு அப்போதுதான் கணக்கில் சேராது.

ரோட்டார் இப்போது ஒன்றாவது பிளக் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில் வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் போகவேண்டும். ஆறு சிலிண்டர் பிளைமவுத்துக்கு 1-5-3-6-2-4.

ஒரு பல்ப் ஹோல்டரில் இரண்டு வயர் கட்டினால் டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பல்ப், அந்தக் காலப் பிளைமவுத் போன்ற 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட். கழற்றிய பேட்டரி வயரைத் திரும்ப மாட்டுங்கள். ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலில், மற்றதை எஞ்சின் பாடியில் மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்ப் எரியாது, திறந்தால் எரியும். கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றும் திசையிலேயே பல்ப் அணையும்வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்ப் எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி கிளாம்ப்பை இறுக்குங்கள். அவ்வளவுதான், ஸ்டேட்டிக் டைமிங் வைத்தாயிற்று. பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை நெடுநேரம் விட்டுவிடாதீர்கள், காயில் சூடாகிக் கெடும்.

நினைவில் வைக்க ஒரே விதி: உடலை ரோட்டாருக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் (பொறி முன்னே), அதனோடு திருப்பினால் ரிடார்டு (பொறி பின்னே). அம்பாசடரில் ரோட்டார் மேலிருந்து பார்க்க இடமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்றும். மற்ற வண்டிகளில் ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது ஹேண்டில் போடாதீர்கள், செல்ஃப் போடுங்கள். டைமிங் அளவுக்கு மீறி முன்னே இருந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அந்த உதையில் மணிக்கட்டு முறியும். எப்போது ஹேண்டில் பிடித்தாலும் கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள், சுற்றி மடக்காதீர்கள்.

டைமிங் லைட்டும் அதன் ஆபத்தும்

ஓடும் எஞ்சினில் சோதிக்க, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வாக்குவம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். ஐடிலை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்து, ஒன்றாவது பிளக் வயரில் லைட்டின் கிளிப்பை மாட்டிக் குறியைப் பாருங்கள். அம்பாசடர் போல முள் கீழே ஒளிந்திருக்கும் வண்டிகளில், உண்மை டாப் தெரிந்தபிறகு, எளிதாகத் தெரியும் இடத்தில் நீங்களே ஒரு முள் பொருத்தி அதற்கேற்பப் புல்லியில் வெள்ளைக் கோடு போட்டுக்கொள்ளலாம். ஆக்ஸிலரேட்டரை மெல்லக் கொடுத்தால் குறி முன்னே நகரவேண்டும், விட்டால் பழைய இடத்துக்கு வரவேண்டும். நகராமல் நின்றால் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். தட்டைத் தூக்கிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

டைமிங் லைட் வெளிச்சத்தில் ஃபேன் இறக்கைகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். நின்றுவிட்டது என்று மனம் நம்பிவிடும், கை அங்கே போகும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, கழுத்துச் செயின் எதுவும் வேண்டாம். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சாலையில் சோதிப்பது

மேனுவலில் இருக்கும் டிகிரி ஒரு தொடக்கம்தான். அந்த மேனுவல்கள் எழுதிய காலத்துப் பெட்ரோல் வேறு. நம் ஊரில் 87, 93 ஆக்டேன் என்று இரண்டு வகை விற்ற காலம் அது. இன்று பங்கில் கிடைப்பது 91க்குக் குறையாது, எத்தனால் கலந்தும் வருகிறது. எஞ்சினும் தேய்ந்திருக்கும். ஆகவே கடைசி ஒன்றிரண்டு டிகிரியைச் சாலையில்தான் சரிசெய்ய வேண்டும். எத்தனாலில் பழைய பெட்ரோல் குழாய்கள் ஊறிப்போகும் என்பதால், பானட் திறந்திருக்கும்போதே அவற்றையும் விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் வரும் சாலை எஞ்சினை நன்றாகச் சூடாக்க ஏற்றது. ஆனால் அது முழுக்கச் சமதளம். எஞ்சினுக்குப் பாரம் விழாது. பாரம் கொடுக்க நம் பக்கம் இருப்பது கேப்பர் மலை ஏற்றம். சூடான எஞ்சினோடு, டாப் கியரில், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வாக்கில் ஏற்றத்தைத் தொட்டு ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுங்கள். சில நொடி மெல்லிய கணகணப்பு வந்து, வேகம் ஏறியதும் மறைந்தால் டைமிங் நல்ல இடத்தில் இருக்கிறது. ஏற்றம் முழுக்க அந்தக் கணகணப்பு (நாக்கிங்) அடித்தால் உடனே காலை எடுத்துவிட்டு, ஓரமாக நிறுத்தி ஒரு டிகிரி பின்னே வையுங்கள். பிஸ்டனை உடைக்கிற சத்தம் அது. சத்தமே இல்லாமல், ஆனால் மூச்சு வாங்குவதுபோல மந்தமாக ஏறி, சைலன்சர் சூடு மிஞ்சினால் ஒரு டிகிரி முன்னே. ஒவ்வொரு முறையும் ஒரு டிகிரிக்கு மேல் தொடாதீர்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் ஏ, ஆர் எழுத்து பொறித்த சின்ன திருகு நட் இருந்தால் கிளாம்ப்பைத் தொடாமல் அதையே கிளிக் கிளிக்காகத் திருப்பலாம். ஏ பக்கம் அட்வான்ஸ், ஆர் பக்கம் ரிடார்டு.

புதிய பாயிண்ட் போட்டிருந்தால் அதன் ஃபைபர் கால் முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து படியும், இடைவெளி குறையும், டைமிங் தானாகப் பின்னே போகும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மூடியைத் திறந்து இடைவெளியை அளந்து சரிசெய்து, டெஸ்ட் லேம்ப்பால் இன்னொரு முறை டைமிங்கைப் பாருங்கள். கேமில் பாயிண்ட் கிரீஸ் ஒரு துளி மட்டும். அதிகம் போனால் பாயிண்ட் முகத்தில் தெறித்துக் கறுக்கும். அதே சமயம் பெல்ட் இழுவையையும் பார்த்துவிடுங்கள்.